விலை குறைந்த பன்னிரண்டு துப்பாக்கிகள்

கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல் பன்னிரண்டு துப்பாக்கிகளுக்கு ‘நன்றாக இருக்கின்றன’ என்று கையெழுத்துப் போட்டவன் நான். முதலில் இதைச் சொல்லி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது நீங்கள் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. பன்னிரண்டில் ஒன்றையுமே தொடவில்லை என்றால் அது அபாண்டம். இரண்டைத் தொட்டேன். ஒன்றை வேகம் பார்க்க. இன்னொன்றை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ள. போட்டோ நன்றாக வந்திருந்தது.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். ஏர்சாஃப்ட் என்று பெயர். பார்க்க நிஜம் போலவே இருக்கும். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு மோட்டார், மூன்று பல்சக்கரங்கள், ஒரு ஸ்பிரிங். விசையை அழுத்தினால் பட்டாணியைவிடச் சிறிய பிளாஸ்டிக் குண்டு ஒன்று வெளியே போகும். உடம்பில் பட்டால் சுள்ளென்று இருக்கும், இரண்டு நாளைக்குச் சிவப்பாக ஒரு புள்ளி நிற்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் கடைசியில், டயர் கிடங்குக்கும் கண்ணாடி வெட்டும் பட்டறைக்கும் நடுவே ஒரு பெரிய ஷெட். உள்ளே பலகைத் தடுப்புகள், காலி டிரம்கள், பாதியாக அறுத்த ஒரு பழைய கார். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் விடுமுறை நாளில் அங்கே வந்து, இரண்டு அணியாகப் பிரிந்து, ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். இங்கே சேர்வதற்கு முன் நான் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு கடையில் மிக்ஸியும் ட்ரில் மெஷினும் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். மோட்டார் தெரிந்த ஆள் வேண்டும் என்று இங்கே கூப்பிட்டார்கள். விசாவில் ஹெல்பர், சட்டையில் டெக்னீஷியன். சட்டையில் எழுதியிருப்பதைத்தான் நான் நம்பினேன்.

இந்த நாட்டில் இப்படியொரு பொருளை யாரும் சும்மா வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் ஷெட்டுக்கு லைசென்ஸ் உண்டு, அது கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கும். அதனால் எங்கள் எல்லோருக்கும் ஒரு சடங்கு. டூட்டி தொடங்கும்போதும் முடியும்போதும் ரேக்கில் உள்ள துப்பாக்கிகளை எண்ண வேண்டும். இருபத்திரண்டு இருந்தால் வீட்டுக்குப் போகலாம். இருபத்தொன்று இருந்தால் யாரும் போக முடியாது. ஒருமுறை ஒன்று குறைந்து, இரண்டு மணி நேரம் தேடி, கடைசியில் டாய்லெட் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றதைக் கண்டுபிடித்தோம். கஸ்டமர் யாரோ அவசரத்தில் மறந்துவிட்டிருக்கிறார். கெட்டுப்போனது, உடைந்தது, எதுவாக இருந்தாலும் ரேக்கைவிட்டு வெளியே போகக் கூடாது. போக வேண்டுமானால் மேனேஜரிடம் ஒரு ஃபாரம் வாங்கிக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதலில் பத்துதான் இருந்தன. பத்தும் விலை உயர்ந்தவை. கூட்டம் கூடியதும் மேனேஜர் பன்னிரண்டு மலிவானவற்றை வரவழைத்தார். பழையதில் ஒன்று வாங்கும் விலைக்குப் புதியதில் நான்கு கிடைத்திருக்கும். அவர் வடக்கத்திக்காரர், நல்ல மனிதர், எதையும் காகிதத்தில் கேட்பவர்.

“பாய், ஏக் பாத் போலோ. சஸ்தாவாலா, மெஹங்காவாலா, சேம் ஹே யா நஹி?” என்று கேட்டார். மலிவும் விலை கூடியதும் ஒன்றா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

அது ஜனவரி மாதம். ஸ்டோர் ரூமில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று எடுத்து வேகம் பார்க்கும் கருவி முன்னால் பத்துப் பத்துக் குண்டு சுட்டேன். வித்தியாசமே இல்லை. புதியதன் குண்டு ஒரு துளி வேகமாகவே போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தையே ஏமாற்றிக்கொண்டிருக்கும் விலை உயர்ந்த கம்பெனிகளின் ரகசியத்தை ரோலாவிலிருந்து வந்த ஒருவன் கண்டுபிடித்துவிட்டான் அல்லவா.

“சார், உள்ளே எல்லாம் ஒன்றுதான். பெயருக்குத்தான் காசு” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு வரி எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அவர் அதை ஃபைலில் வைத்தார். அதற்கப்புறம் வாடகைக்குப் பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டுதான் போயின.

துப்பாக்கிகளுக்கு நடுவே ஷெட்டுக்குள் நிற்பவர் அண்ணாச்சி. அந்த வேலைக்கு மார்ஷல் என்று பெயர். விளையாட்டுக்கு நடுவில் நின்று, யார் அவுட், யார் கோட்டைத் தாண்டினார் என்று பார்த்து விசிலடிக்க வேண்டிய ஆள். கையில் துப்பாக்கி கிடையாது, விசில் மட்டும். இரண்டு பக்கத்துக் குண்டும் அவரைத் தாண்டித்தான் போகும். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், மாதாவைக் கும்பிடுகிறவர், பத்து வருஷம் மீன்பிடிப் படகில் இருந்துவிட்டு வந்தவர். நான் அதே ஜில்லாவில் தேரிக்காட்டுப் பக்கம். ரோலாவில் ஒரே ரூம், அவர் கீழ்க் கட்டில், நான் மேல் கட்டில்.

அண்ணாச்சிக்கு இடது கண் தெரியாது. படகில் கயிறு அறுந்து அடித்ததில் போனது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கண் அழகாகத்தான் இருக்கும். விசா மெடிக்கலில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், கண்ணைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ரூமில் இடது பக்கம் வைத்த டீ கிளாஸை அவர் நான்கைந்து தரம் தட்டிவிட்ட பிறகு எனக்குத் தெரிந்தது.

“யார்ட்டயும் சொல்லாதல,” என்றார்.

“நான் ஏன் சொல்லுதேன் அண்ணாச்சி. ஒத்தக் கண்ணோட நீங்க ஆட்டத்தப் பாக்கீய, ரெண்டு கண்ணோட நான் என்னத்தப் பாத்தேன்.”

சிரித்தார். பிறகு, “இது ஒண்ணுதான் இருக்கு, பாத்துக்கிடணும்,” என்று வலது கண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். தர்கா கந்தூரி விருந்தில் கடைசித் துண்டு கறியைப் பற்றிப் பேசுவதுபோல நான் அதற்கும் ஏதோ வேடிக்கை சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. ஞாபகமில்லாதது நல்லது.

ஜூன் வந்தது. ஷெட்டுக்கு ஏசி கிடையாது. தண்ணீர் சொட்டிக் காற்றடிக்கும் பெரிய கூலர்கள் நான்கு. வெளியே நாற்பத்தைந்து டிகிரி. உள்ளே கூலர் அடிக்கும் ஈரத்தில் சுவர் வியர்க்கும். கண்ணைக் காக்கும் காகிள்ஸ் கண்ணாடியைப் போட்டு ஐந்து நிமிடத்தில் உள்ளே பனி படர்ந்ததுபோல மூடிக்கொள்ளும். விளையாட வருகிறவர்கள் அரை மணியில் வெளியே வந்து துடைத்துக்கொள்ளலாம். அண்ணாச்சி எட்டு மணி நேரம் உள்ளே நிற்பவர். ஒருநாள் கம்பிவலைக்கு வெளியே நின்று பார்த்தேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, கட்டைவிரலால் காகிள்ஸைத் தூக்கி, இன்னொரு விரலால் உள்பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்து, பழையபடி இறக்கினார். ஒரு நொடிதான். அன்றைக்கு அந்த ஒரு நொடியைப் பதினோரு முறை எண்ணினேன். எண்ணுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

புதிய துப்பாக்கிகள் மேல் ஒட்டியிருந்த நம்பர் ஸ்டிக்கர்கள் வியர்வையில் ஒவ்வொன்றாக உரிந்து விழுந்தன. பன்னிரண்டும் கறுப்பு, பன்னிரண்டும் ஒன்றுபோல. எண்ணிக்கைக்குத் தலை இருந்தால் போதும், பெயர் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். மலிவானவற்றில் ஒன்றை மேஜைமேல் படுக்க வைத்து, சேஃப்டி போட்டிருக்கிறதா என்று பார்த்து, பேட்டரி வயரைச் செருகினேன்.

டக். டக். டக்.

என் கை விசைக்குப் பக்கத்தில்கூட இல்லை. மூன்று குண்டும் எதிரே இருந்த டீ ஃபிளாஸ்க்கில் போய் அடித்தன. ஃபிளாஸ்க் உருண்டு விழுந்தது. நான் நாற்காலியோடு பின்னால் போனேன். எழுந்து பார்த்தால் சேஃப்டி போட்டது போட்டபடி இருக்கிறது. துப்பாக்கி அதே இடத்தில் அமைதியாகப் படுத்திருக்கிறது.

பிரித்துப் பார்த்தேன். விசையை அழுத்தினால் இரண்டு செம்புத் தகடுகள் ஒட்டும், கரண்ட் போகும். விட்டால் பிரியும். மலிவானதில் அந்தத் தகடு தகரம் மாதிரி மெல்லியது. சூட்டிலும் ஈரத்திலும் கறுத்து, ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நின்றது. சேஃப்டி என்பது விசையை மட்டும் தடுக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. தகடு ஒட்டிவிட்டால் அது வெறும் அலங்காரம். பழைய பத்தில் ஒன்றையும் பிரித்தேன். அதில் தகடே இல்லை, ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. அது கெட்டால் துப்பாக்கி செத்துப்போகும், வேறொன்றும் செய்யாது.

ஜனவரியில் எனக்குத் தெரியாதது அன்று ஸ்டோர் ரூமில் தரையில் டீ ஓடிக்கொண்டிருக்கும்போது தெரிந்தது. நன்றாக இருக்கிற நாளில் இரண்டும் ஒன்றுதான், நான் எழுதியது சரி. கெட்டுப்போகிற நாளில்தான் வித்தியாசம். விலை கூடியது கெட்டால் பேசாமல் இருக்கும். மலிவானது கெட்டால் சுடும்.

நியாயமாக அப்போதே எழுந்து மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். ஃபாரம் வாங்கி, காரணம் என்ற இடத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் அவர் ஜனவரிக் காகிதத்தை எடுப்பார். பன்னிரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படிப்பார். எத்தனை துப்பாக்கி பார்த்தாய் பாய் என்று கேட்பார். சட்டையில் இருக்கும் டெக்னீஷியன் அன்றோடு போய்விடும், விசாவில் இருக்கும் ஹெல்பரும் கூடப் போகலாம். இப்படி யோசித்து யோசித்து, உலகத்தில் உள்ள எல்லாக் கோழைகளும் செய்வதைச் செய்தேன். தற்காலிகமாக ஒரு ஏற்பாடு.

தகட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். இருபது குண்டு ஒழுங்காகச் சுட்டது. இருபத்தொன்றாவதில் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. தூக்கி எறியவும் முடியாது, எண்ணிக்கை இருபத்தொன்றாகிவிடும். அதனால் அதன் பிடியில் சிவப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, ரேக்கின் கடைசியில் நிறுத்தினேன். துப்பாக்கியைக் கஸ்டமருக்கு எடுத்துக் கொடுக்கிறவர் அண்ணாச்சிதான்.

“அண்ணாச்சி, இந்தச் சிவப்பு டேப் போட்டதக் குடுக்காதீய.”

“என்னல அதுக்கு?”

“கியர் சத்தம் போடுது.”

“சத்தந்தான?”

“ஆமா. சத்தந்தான்.”

இதைத்தான் சொன்னேன். சத்தம் என்று. சுடுகிறது என்று சொல்லியிருந்தால் அவர் நேரே மேனேஜரிடம் போயிருப்பார். அவரை எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைக்குப் பதில் இன்னொரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, ஒரு பெரிய விஷயத்தை நைசாக முடித்துவிட்டதாக எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அதற்கப்புறம் நாட்கள் சும்மா போகவில்லை. காலையில் ரேக்கைத் திறந்ததும் முதலில் கடைசியைப் பார்ப்பேன். சிவப்பு இருக்கும். மூச்சு விடுவேன். பிறகு ஒரு யோசனை வரும். ஒன்றுக்கு ஒட்டிய தகடு மற்ற பதினொன்றுக்கும் ஒட்டாது என்று யார் சொன்னது? எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே ஈரத்தில் நிற்பவை. பிரித்துப் பார்க்கலாம்தான். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே பார்க்கவில்லை. உள்ளேயிருந்து டக் டக் என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு, விசில் ஊதிய பிறகு ஏதாவது ஒரு டக் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வாரம் வரவில்லை. ரூமில் சாப்பிடும்போது அண்ணாச்சி, “என்னல, பேச்சே காணும், வயிறு சரியில்லயா?” என்று கேட்டார். எதைச் சொன்னாலும் வாயை மூடாதவன் நான். அந்த வாரம் சோற்றைத்தான் அதிகம் பார்த்தேன்.

அந்தப் புதனுக்கு அடுத்த வார வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. சனிக்கிழமை காலையில் ஏதோ ஒரு கம்பெனி ஆட்கள் இருபத்திரண்டு பேர் மொத்தமாக ஷெட்டைப் புக் செய்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. சனிக்கிழமை நான் ரோலாவில் புரோட்டாவுக்குக் காத்திருந்து கம்பெனி வேனைத் தவறவிட்டு, ஷேர் டாக்ஸி பிடித்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தேன். புரோட்டா நன்றாகவே இருந்தது.

ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்ததும் பார்த்தது காலி ரேக். இருபத்திரண்டு இடமும் வெறுமையாக இருந்தன. கடைசி இடமும்.

கவுண்டர்மேல் ஒரு டேப் சுருள் கிடந்தது. தீர்ந்துபோய் உள்ளே இருக்கும் அட்டை வளையம் மட்டும். பக்கத்தில் நீல டேப் பாதி. கவுண்டரில் இருந்த பெண்மணியிடம் கேட்டேன்.

“ரெட் டீம், ப்ளூ டீம்,” என்றார். “நேற்று மேனேஜர் சார் சொன்னார். புதியதற்கெல்லாம் சிவப்பு, பழையதற்கெல்லாம் நீலம். நான்தான் சுற்றினேன். நீட்டாக இல்லையா?”

நீட்டாகத்தான் இருந்திருக்கும். பன்னிரண்டுக்கும் சிவப்பு. நான் ஒரு பேயைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு அடையாளம் போட்டு வைத்தேன். இப்போது பன்னிரண்டு பேரும் அந்த அடையாளத்தோடு உள்ளே போயிருக்கிறார்கள்.

அண்ணாச்சி பார்த்திருப்பாரே, எல்லாவற்றிலும் சிவப்பு இருக்கிறதே என்று யோசித்திருப்பாரே என்று எனக்குத் தோன்றியது. யோசித்துத்தான் இருந்தார், பிறகு சொன்னார். அதில் எது சத்தம் போடுவது என்று தெரியவில்லை, ஆளோ வரிசையில் நிற்கிறார்கள், சத்தந்தானே போடும், போட்டால் போடட்டும் என்று எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் சொன்ன வார்த்தையை அப்படியே நம்பியதுதான் அவர் செய்தது.

கம்பிவலைக்கு ஓடினேன். உள்ளே ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது. அறுத்த காருக்குப் பக்கத்தில் அண்ணாச்சி. ஆரஞ்சு நிறச் சட்டை. காகிள்ஸ் வெள்ளையாக மூடியிருந்தது. தலையை இடது பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கும்போதே கட்டைவிரல் மேலே போனது. சுவர்ப் பக்கம் திரும்பித் துடைத்தார். இறக்கினார். ஒரு நொடி.

“அண்ணாச்சி,” என்று கத்தினேன். கூலர் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. பாட்டு வேறு போட்டிருந்தார்கள்.

ஆட்டத்தை நிறுத்த எங்களுக்கு ஒரு விதி உண்டு. காகிள்ஸ் இல்லாத முகம் ஒன்று உள்ளே தெரிந்தால், யாராக இருந்தாலும், அந்த நொடியே விசில். எல்லோரும் சேஃப்டி போட்டு, குழாயைத் தரையைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். என் முகம் இருக்கிறதே என்று தோன்றியது. கதவைத் தள்ளிக்கொண்டு வெறும் முகத்தோடு உள்ளே ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வீரமாக ஒன்று செய்கிறோம் என்று அந்த அவசரத்திலும் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டேன்.

தோளில் இரண்டு குண்டு பட்டது. பிறகு அண்ணாச்சியின் விசில் கேட்டது. நீளமாக.

எல்லோரும் நின்றார்கள். பாட்டை யாரோ அணைத்தார்கள். சேஃப்டி போடும் கிளிக் சத்தம் அங்கங்கே கேட்டது. இருபத்திரண்டு குழாய்களும் தரையைப் பார்த்தன. முடிந்தது, இனி பயமில்லை என்று நான் மூச்சு விட்டேன்.

உள்ளே ஓடி வந்த பைத்தியக்காரன் யார் என்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. பனிக்குள்ளே தெரியாது. விசில் ஊதியாகிவிட்டது, துப்பாக்கியெல்லாம் கீழே இருக்கிறது. யாரென்று பார்க்க காகிள்ஸை நெற்றிக்குத் தூக்கினார். இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்ப்பதற்காக இந்தப் பக்கம் திரும்பினார்.

டக். டக். டக்.

அவருக்கு நான்கடி தள்ளி நின்ற ஒரு தடித்த ஆளின் கையிலிருந்து. குழாய் தரையைப் பார்த்துத்தான் இருந்தது. சேஃப்டி போட்டுத்தான் இருந்தது. அந்த ஆள் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, நான் தொடவில்லை, நான் தொடவே இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே பின்னால் போனார். குண்டுகள் சிமெண்ட் தரையில் பட்டு எகிறின. ஒன்று டிரம்மில் பட்ட சத்தம் கேட்டது. ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை.

அண்ணாச்சி முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். வலது கை, வலது பக்கம்.

கிட்டே போனேன். போனேன் என்றால் கால் போனது. விரல்களுக்கு வெளியே இடது கண் திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணுக்கு நான் தெரியமாட்டேன் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கையை எடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. எடுக்காமலே இருந்தால் நல்லது என்றும் இருந்தது. 

கையை மெதுவாக எடுத்தார். முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணுக்கு ஒரு விரல் கீழே, கன்ன எலும்பின்மேல், கறுஞ்சிவப்பாகப் பொட்டு வைத்ததுபோல் ஒரு வீக்கம் எழுந்துகொண்டிருந்தது.

“தெரியுதா அண்ணாச்சி?”

“தெரியுது,” என்றார். “கண்ணாடி இல்லாம எதுக்குல உள்ள வந்த?”

ஆட்டம் அத்தோடு முடிந்தது. மேனேஜர் வந்தார், வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினார், எண்ணிக்கை பார்த்து ரேக்கைப் பூட்டினார், ஃபைலைத் திறந்து ஜனவரிக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். கேட்பதற்கு முன்பே நானே சொன்னேன். ஒன்றைத்தான் சுட்டுப் பார்த்தேன் சார், பன்னிரண்டு என்று எழுதினேன். அவர் என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். பிறகு, இருபத்திரண்டையும் ஷெட்டுக்குள் வைத்து, கூலர் ஓடும்போது, மத்தியான நேரத்தில் சுட்டுப் பார்த்து எழுது, என் முன்னால் எழுது என்றார்.

மூன்று நாள் சுட்டேன், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில். யாருக்காவது உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன். விலை கூடிய பத்தில் இரண்டு மூன்றாம் நாள் செத்துப்போயின, ஒன்றில் குண்டு சிக்கிக்கொண்டே இருந்தது. ஆகவே காசு கொடுத்தால் கெடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலிவான பன்னிரண்டில் ஏழு ஒரு குறையும் இல்லாமல் ஓடின, உண்மையிலேயே நல்ல ஏழு. ஒன்றில் பல்சக்கரம் நொறுங்கியது. மிச்சம் நான்கு, விசையை விட்ட பிறகும் சுட்டன. ஒன்றுக்குச் சிவப்பு டேப் சுற்றிவிட்டு, காலையில் அதைப் பார்த்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா. நான்கு இருந்திருக்கின்றன.

பன்னிரண்டையும் தனியாகப் பூட்டி, உரிய இடத்தில் ஒப்படைக்க மேனேஜர் காகிதம் போட்டார். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஃபாரத்தில் ஒரு வரி இருந்தது. குறை முதலில் தெரிந்த நாள். சனிக்கிழமைத் தேதியைப் போட்டுவிடலாம் என்று பேனா தானாகவே ஒருமுறை கிட்டே போனது. அப்புறம் அந்தப் புதன்கிழமைத் தேதியைப் போட்டேன். கீழே சாட்சிக் கையெழுத்து மார்ஷல் போட வேண்டும்.

அண்ணாச்சி ஸ்டோர் ரூமுக்கு வந்தார். கன்னத்தில் மருந்து மினுங்கியது. அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை, அந்தக் கெட்ட பழக்கம் எனக்குத்தான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, தலையைச் சாய்த்து, வலது கண்ணால் படித்துக்கொண்டு வந்தார். விரல் தேதிக்கு வந்தது. நின்றது. சுவரில் இருந்த காலண்டரில் அந்தத் தேதிக்குப் பிறகு சனிக்கிழமைவரை கட்டங்களை எண்ணினார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. இருந்திருக்கலாம்.

“வெரலளவு கீழதான பட்டுது, வெரலளவு மேல படலல்லா. மாதா உங்களுக்குன்னு தனியா அளந்து வச்சிருக்கா. ஒண்ணும் ஆவலிய அண்ணாச்சி.”

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“பத்து நாளும் நாந்தாம்ல உள்ள நின்னேன்.”